மாசாமாசம் எங்க பேங்க்ல விசேஷம்

ஒவ்வொரு நவம்பரிலும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று பேங்கில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வூதியக்காரர்களுக்கு அது விதி. இப்போதெல்லாம் செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதுமாம். எனக்கு அது பிடிக்கவில்லை. வாழ்நாளில் பாதியை விட்டுவிட்டு வந்த இடம். அங்கே நேரில் போய் நின்று, "பாருங்க, இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தால்தான் எனக்குத் திருப்தி.

போன நவம்பரில் அப்படிப் போனபோது கடன் பிரிவில் இருந்த பெண் அதிகாரி எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தாள். மதுரைப் பக்கத்துப் பெண், சூட்டிகையானவள். கல்விக் கடன் வசூலை வெளியூரில் இருக்கும் ஏதோ ஏஜென்சியிடம் விட்டுவிட்டார்களாம். அவர்கள் ஓயாமல் போன் அடிக்கிறார்கள். பிள்ளைகள் நம்பரை மாற்றிவிடுகிறார்கள். பிறகு அப்பா அம்மாவுக்குப் போன் போகிறது, அவர்கள் அழுதுகொண்டே கிளைக்கு வருகிறார்கள். "நீங்கல்லாம் எப்படி மேடம் வசூல் பண்ணுனீங்க?" என்று கேட்டாள். "பத்திரிகை வச்சு அழைச்சோம், வந்தாங்க" என்றேன். கிழவி கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். சத்தியமாக நான் கிண்டல் செய்யவில்லை. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. தட்டச்சுப் படித்தேன், பரீட்சை எழுதினேன், கும்பகோணத்தில் எழுத்தராகப் போட்டார்கள். பேரேட்டில் கையால் எழுதி எழுதி நடுவிரலில் காய்த்துப் போனது. கம்ப்யூட்டர் வந்தபோது வேலை போய்விடும் என்று நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று கோஷம் போட்டோம். வேலை போகவில்லை, இரண்டு மடங்காகக் கூடியது. பிறகு பதவி உயர்வுப் பரீட்சை எழுதி அதிகாரியாகி, ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர்க் கிளைக்கு வந்தேன். தினமும் தஞ்சாவூரிலிருந்து பஸ். கடன் பிரிவு முழுக்க என் தலையில்.

அந்தக் கிளைக்கு அதுவரை இரண்டு விதமான கடன்தான் தெரியும். நாற்று விடும்போது நகையைக் கொண்டுவந்து வைப்பார்கள், அறுவடைக்குப் பிறகு மீட்டுக்கொண்டு போவார்கள். இல்லையென்றால் சிட்டா, அடங்கல் நகலோடு பயிர்க் கடனுக்கு வருவார்கள். இரண்டும் ஆறு மாதத்தில், எட்டு மாதத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிடும். பிறகு கல்விக் கடன் வந்தது. பட்டுக்கோட்டை ரோட்டில் நேற்று வரை நெல் விளைந்த இடத்தில் இன்ஜினியரிங் காலேஜ் வளைவுகள் முளைத்த காலம் அது. தன் ஆயுசில் பேங்கு நாற்காலியில் உட்கார்ந்தே இராத மனிதர்கள், மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு சலவைச் சட்டையோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். அடமானம் எதுவும் வேண்டாம், படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேண்டாம் என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள். "அப்ப எதை நம்பிக் கொடுக்கிறீங்க?" என்று ஒரு அம்மா என்னையே குறுக்கு விசாரணை செய்தார். "உங்க பொண்ணை நம்பித்தான்" என்றேன். அந்த அம்மா எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார். அந்த நாட்களில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அப்படி ஒரு பெருமை இருக்கும்.

பெருமை நாலைந்து வருஷம்தான். முதல் கூட்டம் படிப்பை முடித்து வெளியே வந்தபோது, காலேஜுக்கு வந்து ஆள் எடுத்த கம்பெனிகள் "பிறகு அழைக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அழைக்கவே இல்லை. உலகம் முழுக்க வியாபாரம் படுத்துவிட்டது என்றார்கள். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் சென்னைக்குப் போய் செல்போன் கம்பெனியில் ஒப்பந்தக் கூலிக்கும், துணிக்கடையில் பில் போடவும் சேர்ந்தார்கள். சிலர் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்கு, பட்டத்தை மறைத்துவிட்டுப் போனார்கள். வட்டி மட்டும் படிப்பு தொடங்கிய நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர் பழைய பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்தால், ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கி வேறு பஸ்ஸில் ஏறிக்கொள்கிற பிள்ளைகள் இருந்தார்கள். நான் என்ன பேயா பிசாசா! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும்.

அந்தச் சமயத்தில்தான் அப்துல் ரஹீம் சார் எங்களுக்கு மேலாளராக வந்தார். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் துபாய், சவூதி என்று போய்விட, இவர் ஒருத்தர்தான் பேங்க் பரீட்சை எழுதி உள்நாட்டில் தங்கியவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, அத்தர் வாசனை, யார் வந்தாலும் பாதி எழுந்து "வாங்க" என்பார். கடையிலிருந்து டீ கொண்டுவருகிறவரிடமும் அதே "வாங்க"தான். என் வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு எதிரே என் குரல் தானாகவே இறங்கிவிடும்.

அவர் வசூல் செய்யும் முறையை நான் வரிசையாகவே சொல்ல முடியும். முதலில் அப்பாவுக்குப் போன் செய்ய மாட்டார், படித்த பிள்ளைக்குத்தான் செய்வார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தன் சொந்த போனில். "சாப்பிட்டீங்களா?" என்பது முதல் கேள்வி. "ரூம்ல எத்தனை பேர் இருக்கீங்க?" என்பது இரண்டாவது. சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே மாட்டார். கூட்டிச் சொன்னாலும் பொய், குறைத்துச் சொன்னாலும் பொய், எதற்கு ஒரு பிள்ளையைப் பொய் சொல்ல வைக்க வேண்டும் என்பார். ஒரு மெக்கானிக்கல் பையன், "ஒன்பது பேர் சார், ஷிப்டு மாத்தி மாத்திப் படுத்துக்குவோம்" என்றான். "அப்ப இந்த மாசம் ஐநூறு அனுப்புங்க. போதும்" என்றார் சார். எனக்குப் பொறுக்கவில்லை. போனை வைத்ததும், "மண்டல ஆபீஸ்ல நம்மள உரிச்சுத் தொங்கவிடப் போறாங்க சார்" என்றேன். "அனுப்புற பழக்கம் விட்டுப்போச்சுன்னா அப்புறம் வராது மேடம். தொகை தானா வளரும்" என்றார். அந்தப் பையன் விஷயத்தில் வளரத்தான் செய்தது.

ஊருக்குள் போவதற்கும் அவருக்கு ஒரு வழி உண்டு. வண்டியை வாய்க்கால் மதகுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் போவார். டீக்கடையில் யார் பெயரையும் சொல்லி விசாரிக்க மாட்டார். வீட்டு வாசலில் "பாக்கி" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடிப்பார், ஆற்றுத் தண்ணீர் கடைமடை வயல் வரைக்கும் வந்துவிட்டதா என்று கேட்பார், பிறகு படித்த பிள்ளையைப் பற்றிக் கேட்பார். "கடன் வாங்குனது குத்தமில்லையே மேடம். அதை எதுக்கு நாம ஊரறியச் செய்யணும்?" என்று ஒருமுறை வரப்பில் நடந்துகொண்டே சொன்னார்.

இந்த முறைக்கெல்லாம் மசியாத ஒரே மனிதர் செல்லக்கண்ணு.

புதாறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கரையை ஒட்டிய ஒரு கிராமம் அவருடையது. அவருடைய அப்பா பண்ணையில் கூலிக்கு உழைத்தவர். இவர் குத்தகைக்குக் கொஞ்சம், சொந்தமாகக் கொஞ்சம் என்று பயிர் செய்துகொண்டிருந்தார். மூத்த மகள் கலைச்செல்வி எங்கள் கிளையில் கடன் வாங்கி எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், அந்த ஊரின் முதல் இன்ஜினியர். சென்னைக்கு வெளியே ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவள் படித்த படிப்புக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமில்லை, சம்பளமும் அப்படித்தான். கடன் கணக்கில் ஒரு பைசா விழவில்லை. நாங்கள் அனுப்பிய நோட்டீஸுகளுக்குப் பதிலும் இல்லை. கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விட்டது.

ஒரு ஆவணி மாதம் செல்லக்கண்ணு தானாகவே கிளைக்கு வந்தார். கூடவே இளைய மகள் தமிழரசி. அவளுக்குத் தஞ்சாவூரில் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அதற்குக் கல்விக் கடன் கேட்டு வந்திருந்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மூத்த பொண்ணு கடனுக்கு நீங்கதான் கூட்டுக் கையெழுத்து. அதுல ஒரு தவணைகூடக் கட்டல. இந்த நிலைமையில ரெண்டாவது கடன் யாரு கொடுப்பா? கம்ப்யூட்டரே ஒத்துக்காது" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நான் யாருக்கும் பாக்கி வச்சவன் இல்லீங்க. ஊர்ல விசாரிச்சுப் பாருங்க ஆபீசரம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். தமிழரசி மட்டும் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "அப்ப என் சீட்டு போயிடுமா மேடம்?" என்று கேட்டாள். நான் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

அன்று சாயங்காலமே ரஹீம் சார் கலைச்செல்விக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க நாள் இல்லை. ரூமில் எத்தனை பேர் என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் மூணு தடவ பணம் அனுப்புனேன் சார். கட்டச் சொல்லித்தான் அனுப்புனேன். அப்பா திருப்பி அனுப்பிட்டாரு. சில்லறையாக் கட்டி மானத்தை வாங்காதங்கிறாரு. இப்ப என்னாலதான் தங்கச்சி படிப்பு நிக்குது" என்றாள். சார் போனை வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நாளைக்கு அவங்க ஊருக்குப் போயிட்டு வருவோம் மேடம்" என்றார்.

மறுநாள் மதகில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். செல்லக்கண்ணு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். சார் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சில்லறையாக் கட்டக் கூடாதுன்னு சொன்னீங்களாமே, ஏங்க?" என்று நேராகவே கேட்டார்.

"பின்ன என்னங்க?" என்றார் செல்லக்கண்ணு. "பேங்க்காரங்க எம் பொண்ணுக்குச் செஞ்சது மொய் மாதிரி, பெரிய செய்முறை. அதைப் பிச்சுப் பிச்சுக் கொடுத்தா, செஞ்சவங்களுக்கு என்னங்க மரியாதை? மொத்தமாத் திருப்பணும். மேல கொஞ்சம் வச்சுத் தட்டுல கொடுக்கணும். நான் விருந்து வைக்கும்போது வர்ற பணத்துல மொத முடிப்பு பேங்குக்குத்தான்னு நெனச்சு வச்சிருக்கேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மொய் விருந்து என்று ஒன்று உண்டு. கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல், ஆடி ஆவணியில் ஆட்டுக்கறிச் சோறு போட்டு ஊரை அழைப்பார்கள். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். இத்தனை நாள் விருந்து வைக்கிறவர் மற்றவர்களுக்கு எழுதியதெல்லாம் அன்றைக்கு மொத்தமாகத் திரும்பும். அதோடு மேலே ஒரு தொகை வைப்பார்கள், அது இவர் பிறகு அவர்களுக்குத் திருப்ப வேண்டியது. கிணறு வெட்டியதும் மெத்தை வீடு கட்டியதும் சிங்கப்பூருக்குப் பிள்ளையை அனுப்பியதும் எல்லாம் அப்படி வந்த பணத்தில்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் முறை வர நாலைந்து வருஷம் ஆகும். முறை வராமல் விருந்து வைத்தால் ஊர் சிரிக்கும். வாங்கிய மொய்யைப் பாதி பாதியாகத் திருப்பினாலும் சிரிக்கும்.

"உங்க முறை எப்ப வருது?" என்று சார் கேட்டார்.

"அடுத்த வருசம் ஆடியிலங்க."

"பொண்ணு பீஸ் கட்ட அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிங்களே."

செல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்கு நான் என்னங்க செய்வேன்? பேங்குக்கு ஒரு விசேஷம் வந்து, என்னை அழைச்சிருந்தா, எங்கயாச்சும் பொரட்டிக்கிட்டு வந்து எழுதியிருப்பேன். நோட்டீஸு விடுறீங்க. ஜப்தின்னு எழுதுறீங்க. அதுக்கு எவன் வருவான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் சிரிக்கவில்லை. ரொம்ப மரியாதையாக, "மாசாமாசம் தவணை நாளு, அஞ்சாந்தேதி, எங்க பேங்க்ல விசேஷம்தாங்க. உங்கள அழைக்காம விட்டது எங்க தப்பு" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டே இல்லை.

திரும்பி வரும் வழியில் புதாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினார். "மேடம், இவரு கடனக் கட்டாத ஆளு இல்ல. மொத்தக் கடனையும் ஒரே தடவையில அடைக்கணும்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. நமக்கு வேண்டியது நின்னுபோன தவணை மட்டும்தான். அது சரியாயிடுச்சுன்னா சின்ன பொண்ணுக்கு நான் அன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுவேன். அவருக்குத் தெரிஞ்ச மாதிரி அழைப்போம். நீங்க ஒரு பத்திரிகை எழுதுங்க" என்றார்.

"சார், மண்டல ஆபீஸ்?"

"அழைக்கக் கூடாதுன்னு எந்தச் சுற்றறிக்கையில இருக்கு?"

எழுதினேன். ஒரு நல்ல அட்டையில், அழகான கையெழுத்தில். வெள்ளிக்கிழமை கெடு இருந்ததால் அஞ்சாந்தேதி வரை காத்திருக்கவில்லை. நிகழும் ஆவணி மாதம் வருகிற வியாழக்கிழமை காலை எங்கள் வங்கியில் நடைபெறும் விசேஷத்துக்குத் தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம் என்று எழுதினேன். எல்லாப் பத்திரிகையிலும் இருக்கிற வாசகம்தானே, கை அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு மறுபடியும் போனோம். இந்தத் தடவை வண்டி மதகில் நிற்கவில்லை, வாசல் வரை போனது. ரஹீம் சார் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். தெருவே பார்த்தது. செல்லக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். அவர் மனைவி உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை அவர் வருவார், வைத்திருக்கிற நெல்லில் கொஞ்சம் விற்று ஏதாவது கட்டுவார், மீதிக்குக் கலைச்செல்வியிடம் பேசலாம் என்பதுதான் எங்கள் கணக்கு.

காலையில் பேங்கு திறந்து கொஞ்ச நேரத்தில் காவலாளி ஓடி வந்தார். "சார், டிராக்டர்ல ஆளுங்க வர்றாங்க. மறியல் போலருக்கு, கேட்டை இழுத்துப் பூட்டிரட்டா?" எங்களுக்கு அது பழக்கமானதுதான். பயிர்க் காப்பீடு வரவில்லை என்றால் டிராக்டரில் வந்து வாசலில் உட்காருவார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். ஆண்களும் பெண்களுமாக டிரெய்லர் நிறைய ஆட்கள். எல்லாரும் சலவை வேட்டி, பட்டுச் சேலை. முன்னால் செல்லக்கண்ணு இறங்கி, பத்திரிகையைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"இவங்கல்லாம் யாருங்க?" என்றேன்.

"நீங்கதானே சுற்றமும் நட்பும்னு போட்டிருந்தீங்க" என்றார்.

அவருடைய பங்காளி ஒருவர் முன்னால் வந்து விளக்கினார். "ஜப்தி பண்ற பேங்கு வெத்தலை பாக்கோட வாசலுக்கு வந்திருக்குன்னா அது எங்க ஊருக்கே மரியாதைங்க. உக்காந்து பேசினோம். அடுத்த ஆடியில இவனுக்கு நாங்க செய்ய வேண்டியத இப்பவே இங்க செஞ்சிடுறதுன்னு முடிவு. எல்லாராலயும் முழுசா முடியாது. முடிஞ்சத எழுதுவோம். எழுதிக்குங்க."

கேஷியர் பாஸ்கருக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை பேரும் ஒரே கடன் கணக்கில் பணம் கட்டலாமா என்று என்னைப் பார்த்தார். யார் வேண்டுமானாலும் கட்டலாம், விதி அதைத் தடுக்கவில்லை. நானும் இன்னொரு எழுத்தரும் மேஜையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுச் சலான் எழுத உட்கார்ந்தோம். மொய் எழுதும் இடத்தில் பெயரையும் தொகையையும் உரக்கச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதையும் செல்லக்கண்ணுவே செய்தார், கவுண்டர் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டு. "மேலத்தெரு ராமையன், ஆயிரம்!" "கீழத்தெரு சின்னத்தம்பி மகன் முருகேசன், ஐநூறு!" நகைக் கடனுக்கு வந்தவர்கள் தங்கள் வேலையை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பாஸ்கர் பணத்தை எண்ணி எண்ணிப் போட்டார். மண்டல ஆபீஸிலிருந்து ஒரு போன் வந்தது, நான் எடுக்கவில்லை.

நடுவில் ரஹீம் சார் என் காதருகே வந்து, "மேடம், சாப்பாடு?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோறு போடாமல் மொய் வாங்குவதைப் போலக் கேவலம் இந்தச் சீமையில் வேறு கிடையாது. அவருக்குத் தெரிந்த பாய் ஒருவர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பிரியாணிக் கடை வைத்திருந்தார். கடையில் அன்றைக்கு வெந்த அண்டா அப்படியே பேங்குக்கு வந்தது. பின்பக்கம் புங்க மரத்தடியில் இலை போட்டோம். சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே பரிமாறினார். பாதிச் செலவு என்னுடையது என்றேன், வேண்டாம் என்றார். என்னிடமா நடக்கும்? சட்டைப் பையிலேயே திணித்துவிட்டேன்.

சாப்பாடு முடிந்து, வரிசையும் முடிந்தது. பாஸ்கர் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நின்றுபோன தவணைகள் முழுவதும் தீர இன்னும் கொஞ்சம் வேண்டும். பெரிய தொகை இல்லை. ஆனால் அது விழாமல் கணக்கு பட்டியலிலிருந்து வெளியே வராது. அது வராமல் தமிழரசிக்குக் கடன் இல்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. என் கை என் பைக்குப் போனது. ரஹீம் சார் தூரத்திலிருந்தே வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அதிகாரி கடன்காரரின் கணக்கில் சொந்தப் பணம் போடுவது பெரிய தப்பு, வேலைக்கே வேட்டு. செல்லக்கண்ணு வந்தவர்களைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கையில் இருந்ததைத்தான் எல்லாரும் எழுதிவிட்டார்களே. தமிழரசி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். நான் அவளை அதற்கு முன் பார்த்தது கடன் வாங்க வந்த நாளில்தான். இளைத்திருந்தாள். தங்கச்சி போனில் சொல்லி, சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து நேராக இங்கே இறங்கியிருக்கிறாள், தோளில் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. கலைச்செல்வி.

"அப்பா, எங்கிட்ட இருக்கு" என்றாள். "நீங்க திருப்பி அனுப்புனதுதான். சில்லறைதான்."

கையில் ஒரு கசங்கிய கவர். அவர் வாங்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கித் தொலையுங்களேன் ஐயா என்று கத்தலாம் போல இருந்தது. காலையிலிருந்து அந்தக் கூடத்தில் சொன்னதெல்லாம் ஆம்பிளைகளின் பெயர்தான். எங்கள் பக்கத்தில் மொய் ஆண்கள் பெயரில்தான் எழுதுவார்கள், கல்யாணமாகாத பெண்ணின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

செல்லக்கண்ணு கவரை வாங்கினார். எண்ணிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கவுண்டர் பக்கம் திரும்பினார். மற்ற எல்லாருக்கும் சொன்னதைவிட உரக்கச் சொன்னார்.

"செல்லக்கண்ணு மகள் கலைச்செல்வி, பி.இ.! ஆயிரத்து எரநூறு!"

பாஸ்கர் எழுதினார். நான் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டேன். "மேல அறுபது ரூபா இருக்குங்க" என்றார் பாஸ்கர். "இருக்கட்டும், மேல வச்சதுதான்" என்றார் செல்லக்கண்ணு.

அன்று சாயங்காலத்துக்குள் ரஹீம் சார் தமிழரசியின் கடனில் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் கல்லூரியின் பேரில் வரைவோலையை நானே அவள் கையில் கொடுத்தேன். இன்றைக்கு அவள் குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரஹீம் சார் மாற்றலாகிப் போன பிறகு அவரைப் போல ஒரு மேலாளரை நான் பார்க்கவில்லை. அவருக்குக் கீழே வேலை செய்யக் கொடுத்து வைத்ததை நினைத்தால் என் உத்தியோகத்தில் எந்தக் குறையும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த டிரெய்லரில் வந்தவர்களையும் தினம் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறேன். மண்டல ஆபீஸ் எங்களிடம் விளக்கம் கேட்டது. சார் ஒரே வரியில், வாடிக்கையாளர்களை அழைத்தோம், வந்தார்கள் என்று பதில் எழுதினார்.

அந்த வியாழக்கிழமைக்கு அடுத்த மாதத்திலிருந்து கலைச்செல்வி சென்னையிலிருந்து அப்பாவுக்குப் பணம் அனுப்புவாள். அதை அவள் நேராகவே பேங்குக்கு அனுப்பியிருக்கலாம், நானே அவளிடம் சொன்னேன். "அப்பாதான் கொண்டுபோவேங்கிறாரு மேடம்" என்றாள். ஐந்தாம் தேதி ஆனால் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார். ஒரு மாதம் எண்ணூறு இருக்கும், ஒரு மாதம் ஆயிரத்து ஐநூறு, அவளுக்குக் கம்பெனி மூடிய காலத்தில் இருநூறும் இருந்தது. தன் முறை வந்ததும் கவுண்டரில் பணத்தை வைத்துவிட்டு, கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி மகள் பெயரையும் படிப்பையும் தொகையையும் சொல்வார். கடன் தீருகிற வரைக்கும் சொன்னார். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று பாஸ்கர் ஒருநாள் சொன்னார்.

"உங்களுக்கா சொல்றேன்?" என்றார் செல்லக்கண்ணு.